டாக்டர் பார்க்காத படம்

எக்ஸ்ரே எடுக்கிறவனுக்கு மூன்றே கடமைகள்: நேராக நிற்கச் சொல்ல வேண்டும், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும், பிறகு விடச் சொல்ல மறக்கக் கூடாது. மறந்துபோய்ப் பக்கத்து அறைக்குச் சென்று திரும்பியபோது, முகம் சிவக்க இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மரியாதைக்காரரை நான் பார்த்திருக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில், ஒரு பசுமைக் குடியிருப்பின் தரைத்தளத்தில். பசுமைக் குடியிருப்பு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாதிரி வீடு பார்க்கப் போய், இலவச மோர் குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று வந்திருப்பீர்கள். மாடியில் சூரியத்தகடு, கீழே மழைநீர்த் தொட்டி, மூலையில் உரக்குழி. இவற்றோடு, வீடு வாங்குகிறவர்களை இழுப்பதற்கென்று கட்டியவர்களே நடத்துகிற ஒரு 'ஏஐ ஆரோக்கிய மையம்'. படம் எடுத்த ஒரு நிமிடத்தில் கம்ப்யூட்டரே அதைப் படித்து ரிப்போர்ட் எழுதிவிடும். வரவேற்பில் இருக்கும் எஸ்தர் அக்கா அதற்குச் 'சின்ன டாக்டர்' என்று பேர் வைத்தார். பெரிய டாக்டர், திருமுல்லைவாயிலிலிருந்து தினமும் சாயங்காலம் வந்துபோகும் வசந்தா மேடம். சின்னவர் எழுதியதைப் பெரியவர் பார்த்துத் திருத்திக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ரிப்போர்ட் வாசலைத் தாண்டும்.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் கிரி சார் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மூன்று வருடம் இதே வளாகத்தில் வீடு விற்றவர். எதைச் சொன்னாலும் சாவி கையில் கொடுப்பது போலச் சொல்வார். வருகிற மாதத்திலிருந்து வசந்தா மேடம் வரமாட்டார், சின்ன டாக்டர் எழுதுவதே முடிவு, அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் டெக்னீஷியன் ஒரு இனிஷியல் போட்டால் போதும் என்றார். டெக்னீஷியன் என்றால் நான். நான் படம் எடுக்கப் படித்தவன். படத்தில் இருக்கும் நோயைப் படிக்கப் படித்தவன் இல்லை. "முடியாது சார்" என்றேன். எனக்குப் பிறவியிலேயே குரல் எழும்பாது. "என்ன?" என்றார். இரண்டாவது தடவையும் அதே சத்தத்தில்தான் சொன்னேன். "இந்த மாசம் முடியட்டும், யோசி. இனிஷியல் போடுற ஆள்தான் இந்தச் சீட்ல இருக்க முடியும்" என்றார்.

யோசித்தேன். யோசிக்க உதவியவர்கள் கீழே வருகிறார்கள்.

ஏழாவது ஊக்கு

கல்யாணமான பெண்களின் தாலிச் சங்கிலி பாதி நகை, பாதி டூல் பாக்ஸ். வரிசையாக ஊக்கு மாட்டி வைத்திருப்பார்கள். பஸ்ஸில் முன்பின் தெரியாதவளின் செருப்பு அறுந்தாலும் ஒன்றைக் கழற்றிக் கொடுப்பார்கள். நெஞ்சுப் படத்துக்கு அந்தச் சங்கிலியைக் கழற்றச் சொல்வதும், மாட்டேன் என்பதும் நாங்கள் தினமும் ஆடுகிற ஆட்டம். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வருவோம். கழற்ற வேண்டாம், மேலே தூக்கிப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றால் போதும்.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு திருநெல்வேலி அம்மா வந்தார். வந்து முப்பது வருடமாகியும் ஊர்ப் பேச்சை ஊரிலேயே விட்டுவிட்டு வராதவர். ஒழுங்காகக் கடித்துக்கொண்டுதான் நின்றார். "மூச்சை நல்லா இழுங்கம்மா" என்றேன். "சரி தம்பி" என்று பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டார். சங்கிலி விழவும் படம் விழவும் சரியாக இருந்தது. நான் வேறு படம் எடுப்பதற்குள் சின்ன டாக்டர் எழுதி முடித்துவிட்டார்: மார்புக்கூட்டில் ஊசி போன்ற ஆறு உலோகப் பொருள்கள், உடனடியாக அறுவை சிகிச்சை நிபுணரை அணுகவும்.

இந்த ரிப்போர்ட்டின் கீழே என் இனிஷியல் இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்று, திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். கண்ணில் பயம் ஒன்றும் இல்லை. வேறு கவலை இருந்தது.

"ஆறுன்னுல்லா சொல்லுது உங்க மிஷினு. காலைல ஏழு ஊக்கு மாட்டியிருந்தேன் தம்பி. மத்தது எங்க விழுந்துச்சுன்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லுங்க."

சின்னவர் ஜெயித்த நாள்

நியாயம் என்று ஒன்று இருக்கிறது, இதையும் சொல்லிவிடுகிறேன். மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர், ஃபேக்டரியில் வெல்டர், வண்டியிலிருந்து விழுந்து நாலு நாள் கழித்து வந்தார். வீட்டில் நச்சரித்ததால் வந்தாராம். படத்தை நான் பார்த்தேன். எலும்பெல்லாம் வரிசையாக இருந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. சின்ன டாக்டர் மட்டும் ஆறாவது விலா எலும்பில் ஒரு வட்டம் போட்டு, மயிரிழை விரிசல் என்று எழுதியது. சாயங்காலம் மேடம் வந்து, பெரிதாக்கி, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, "ஆமா, இருக்கு. நல்லாத்தான் பிடிச்சிருக்கு" என்றார்.

கிரி சாருக்கு ஒரே சந்தோஷம். "நீ பார்க்கலை, அது பார்த்துச்சு. இப்ப என்ன சொல்றே?" என்றார். "நான் பார்க்கலைன்றதாலதான் சார் என் இனிஷியல் வேண்டாம்னு சொல்றேன்" என்றேன். அவர் போன் வராமலே போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெல்டர் அண்ணன் அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர், மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தார்.

"சின்ன டாக்டர் சொன்னப்பக்கூட ஒண்ணும் தெரியலை தம்பி. பெரிய டாக்டரம்மா ஆமான்னு சொன்னப்புறந்தேன் வலிக்கவே ஆரம்பிச்சுச்சு."

ஊட்டுப் படம்

எங்கள் மையத்தில் ஃபிலிம் கிடையாது, பேப்பர் கிடையாது. பிளாஸ்டிக்கை மிச்சம் பிடித்து ஏரியைக் காப்பாற்றுகிறோம். எல்லாம் போனுக்குப் போய்விடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் ஜனங்களுக்கு எக்ஸ்ரே என்றால் கையில் ஒரு பெரிய கவர் வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பக்கத்து வீட்டுக்காரர் "இதோ இங்க தெரியுது பார்" என்று தப்பான இடத்தைக் காட்ட வேண்டும். அதெல்லாம் நடந்தால்தான் பாதி இருமல் குறையும்.

பருத்திப்பட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர். இப்போது வளாகம் நிற்கிற நிலத்தில் ஒரு காலத்தில் நாற்று நட்டவர். இப்போது பக்கத்துக் கம்பெனியில் வாட்ச்மேன். பொத்தான் போன்தான் வைத்திருந்தார். "படம் குடு நைனா" என்றார். போனுக்கு அனுப்பிவிடுவோம் என்றேன். போனை எடுத்து என் கையில் வைத்து, "இதுல எங்க ஏத்துவ, ஏத்து பாக்கலாம்" என்றார். எஸ்தர் அக்கா உதவிக்கு வந்தார். பழக்க தோஷத்தில், வருகிறவர்கள் எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கும் வளாகத்து விளம்பரப் புத்தகத்தை அவர் கையிலும் கொடுத்துவிட்டார். பளபளவென்று கனமான தாள், இருபது பக்கம், பக்கத்துக்குப் பக்கம் மரம்.

பெரியவர் பொறுமையாகப் புரட்டினார். நீச்சல் குளப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு புத்தகத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"நெஞ்சைப் படம் எடுத்தவனுக்குப் படம் இல்லைன்றீங்கோ. ஊடு கேக்காதவனுக்கு ஊட்டுப் படம் இத்தினி குடுக்கறீங்கோ. நல்லா கீது உங்க நாயம்."

ஏழாம் மாடிக்காரர்

மேலே குடியிருப்பவர்களில் ஒருவர், கம்ப்யூட்டர் வேலை, வயது நாற்பதுக்குள். வீடு வாங்கும்போது செங்கல்லில் எத்தனை பங்கு சாம்பல், சுவரில் எந்த வண்ணம், ஜன்னல் எந்தத் திசை என்று கிரி சாரைத் திணறடித்தவர். இன்றைக்கும் குப்பையை நாலாகப் பிரித்துப் போடுகிறவர் அந்த மாடியில் அவர் ஒருவர்தான். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் அவருக்குச் சின்ன டாக்டரை ரொம்பப் பிடித்துவிட்டது. முதலில் டாக்டர் சீட்டோடு வந்து ஒரு நெஞ்சுப் படம் எடுத்தார், ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்தில் இன்னொன்று எடுக்க வந்தார். என்ன தொந்தரவு என்றேன். "தொந்தரவு எதுவும் இல்ல ப்ரோ. டேட்டா சேரணும். அப்பதான் ஏஐ என்னைப் புரிஞ்சுக்கும்" என்றார்.

டாக்டர் சீட்டு இல்லாமல் எடுக்க மாட்டேன் என்றேன். இது கதிர்வீச்சு, சும்மா சும்மா வாங்கிக்கொள்கிற பொருள் இல்லை என்றேன். கிரி சார் ஓடி வந்து, "நம்ம ரெசிடென்ட்டுப்பா, எடுத்துவிடு" என்றார். நான் மெஷினின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். சத்தம் போடத் தெரியாதவனுக்கு நிற்பது ஒன்றுதான் வழி. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன் என்றார் ஏழாம் மாடிக்காரர். போடுங்க சார் என்றேன். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து புடலங்காய்ப் பையைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்தார்.

"கீரைக்கு மருந்தடிச்சாங்களான்னு கீரைக்காரம்மாவை அரை மணி நேரம் கேள்வி கேப்பார். இந்தக் கதிரை மட்டும் கேக்காமலே ரெண்டு தரம் வாங்கிக்கணுமாம். வாங்க, மேல போலாம்."

வெள்ளிக்கிழமை

மாதம் பிறந்தது. வசந்தா மேடம் வரவில்லை. முதல் நாளிலிருந்தே நான் 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தைக் காலியாக விட்டேன். அந்த இடம் நிரம்பாவிட்டால் ரிப்போர்ட் நகராது. திரையில் ரிப்போர்ட்டுகள் ஆவடி சிக்னலில் வண்டி நிற்பது போல வரிசை கட்டி நின்றன. அதன்பின் வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, டாக்டர் இருக்கிற வேறு இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கிரி சார், "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ரேவதி என்ற பெண் அம்மாவோடு வந்தாள். திருமுல்லைவாயில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, முதல் வேலை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் நெஞ்சு எக்ஸ்ரே ரிப்போர்ட்டோடு போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்தக் கம்பெனிக்கு எங்கள் மையத்தோடுதான் ஏற்பாடு என்பதால் வேறு இடத்துக்கும் அனுப்ப முடியாது. படம் எடுத்தேன். ஒரு நிமிடத்தில் சின்ன டாக்டர் எழுதியது: வலது நுரையீரலின் மேற்பகுதியில் நிழல், காசநோயாக இருக்கலாம், வேலைக்குத் தகுதி நிறுத்திவைக்கப்படுகிறது.

கிரி சார் எட்டிப் பார்த்தார். "இனிஷியல் போட்டு அனுப்பு. நாம சொல்லலை, மிஷின் சொல்லுது" என்றார். அந்த அம்மா ஏதோ சரியில்லை என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் என் போனை எடுத்து மேடத்தைக் கூப்பிட்டேன். வேலை முடிந்து போனவரைக் கூப்பிடுவது முறையில்லை, கூப்பிட்டேன். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று கேட்டார். ஒன்றும் இல்லை. அடுத்து அவர் கேட்ட கேள்வி எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே? பொண்ணு தலைக்குக் குளிச்சுட்டு வந்திருக்காளா, பின்னல் ஈரமா இருக்கா, எந்தப் பக்கம் போட்டிருக்கா, போய்ப் பாரு."

நல்ல ரிப்போர்ட்

பார்த்தேன். வெள்ளிக்கிழமை, புது வேலை, கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்கள். கை பருமனுக்கு ஈரப் பின்னல், வலது தோள் வழியாக முன்னால் கிடந்தது. ஈர முடி படத்தில் நிழலாக விழும், அதைத் தூக்கிக் கட்டச் சொல்ல வேண்டியவன் நான். காலையிலிருந்து கிரி சாரோடு மல்லுக்கு நின்றதில் சொல்ல மறந்திருந்தேன். தப்பு என்னுடையது. சின்ன டாக்டர் எங்கே படித்து வந்ததோ, அங்கே வெள்ளிக்கிழமை கிடையாது போலிருக்கிறது.

ரேவதியிடமும் அவள் அம்மாவிடமும் என் தப்பைச் சொல்லி, பின்னலை உச்சியில் கொண்டையாகக் கட்டச் சொல்லி, இன்னொரு படம் எடுத்தேன். நிழல் போய்விட்டது. சின்ன டாக்டர் ஒரு கூச்சமும் இல்லாமல், நுரையீரல் இயல்பாக உள்ளது என்று எழுதியது. அந்த அம்மா கும்பிட்டார். கிரி சார், "சந்தோஷம். இது நல்ல ரிப்போர்ட்தானே, இதுக்காவது போடு" என்றார்.

நான் போடவில்லை. உங்களுக்குக் கோபம் வரலாம். அந்த அம்மாவுக்கு வந்தது. "இன்னா தம்பி, நல்லா கீதுன்னு அதுவே சொல்லுதே, ஒரு எழுத்து போட்டா இன்னா கொறஞ்சிடுவ? எம்பொண்ணு பொழப்புப்பா" என்றார். பிடித்த ரிப்போர்ட்டுக்கு இன்று போட்டால், நாளை பிடிக்காததுக்கும் போட வேண்டும். இன்று பின்னலை நிழல் என்றது, நாளை நிழலைப் பின்னல் என்று விட்டுவிடலாம். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் விளக்க எனக்கு வாய் வரவில்லை. "சாயங்காலத்துக்குள்ள டாக்டர் கையெழுத்தோட தரேம்மா, நம்புங்க" என்று மட்டும் சொன்னேன். அதை எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. மேடத்துக்கு மறுபடி போன் போட்டு நடந்ததை மட்டும் சொன்னேன். ஐந்து மணி வரை அவர்கள் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எஸ்தர் அக்கா தன் சாப்பாட்டை மூன்றாகப் பிரித்தார்.

ஐந்தேகாலுக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து வசந்தா மேடம் இறங்கினார். திரையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரேவதியின் முதுகில் குழாய் வைத்து மூச்சைக் கேட்டார். கைப்பையிலிருந்து தன் பெயர் போட்ட லெட்டர் பேடை எடுத்து எழுத ஆரம்பித்தார். "மேடம், இது பேப்பர்லெஸ் சென்டர்" என்றார் கிரி சார். மேடம் எழுதுவதை நிறுத்தவில்லை.

"பேப்பர் என்னுது கிரி. படிப்பும் என்னுது. கம்பெனிக்காரங்க ஒத்துக்கலைன்னா என் நம்பர் கீழ இருக்கு, பேசச் சொல்லுங்க."

கடைசி எச்சரிக்கை

கம்பெனிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். ரேவதி சனிக்கிழமை ஒன்பதுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வாசலில் நின்றாளாம். எனக்குத் திங்கட்கிழமை மெமோ வந்தது: ஏன் இனிஷியல் போடவில்லை, எழுத்தில் விளக்கம் தருக. 'டாக்டர் பார்க்கவில்லை' என்று இரண்டே வார்த்தை எழுதிக் கொடுத்தேன். "முழுப் பக்கம் எழுதுப்பா" என்றார் கிரி சார். "அவ்வளவுதான் சார் காரணம்" என்றேன். அன்றைக்கே வேறு ஆள் தேடி விளம்பரம் கொடுத்தார்கள். வந்த இரண்டு பேரையும் எஸ்தர் அக்கா உட்காரவைத்து டீ கொடுத்து நடந்ததைச் சொல்ல, இரண்டு பேரும் டீயோடு போய்விட்டார்கள்.

அந்த வாரமே ஏழாம் மாடிக்காரர் இறங்கி வந்தார். முதலில் எடுத்த அவர் படத்தை யார் பார்த்தது என்று கேட்டார். அப்போது மேடம் இருந்தார்கள் சார், அவர் பார்த்தார் என்றேன். இப்போது எடுத்தால் யார் பார்ப்பார் என்றார். யாரும் இல்லை என்றேன். மனிதர் மேலே போனார். சொன்னபடியே வாட்ஸ்அப் குழுவில் போட்டார், என்னைப் பற்றி இல்லை. சனிக்கிழமைக்குள் எல்லா மாடியிலும் இதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மாதிரி வீடு பார்க்க வந்தவர்களில் ஒருவர், செங்கல்லைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கேட்டு முடித்துவிட்டு, "உங்க ஆஸ்பத்திரில டாக்டர் இல்லையாமே?" என்று கேட்டபோது கிரி சாரின் முகம் வீடு விற்கிறவருடையதாக மறுபடி மாறியதை நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அடுத்த வாரம் வசந்தா மேடம் வந்துவிட்டார், வாரத்தில் மூன்று நாள். மற்ற நாள்களில் எடுத்த படம் அவருக்காகக் காத்திருக்கும். வாசலில் ஒரு புதுப் பலகை வைத்தார்கள்: 'ஒவ்வொரு படமும் மனித மருத்துவரால் நேரடியாகப் பார்க்கப்படுகிறது, எங்கள் குடியிருப்பில் மட்டும்.' எஸ்தர் அக்கா அதைச் சத்தமாக ஒரு தடவை வாசித்தார்.

"இருந்தவங்களை அனுப்பிட்டு, திரும்பக் கூட்டிகினு வந்து, புதுசா வந்த மாதிரி போர்டு வேற. இவங்க வித்த ஊடெல்லாம் இப்படித்தான் வித்தாங்களா தம்பி?"

ஆக, மனித மருத்துவரைக் கண்டுபிடித்த பெருமை நிர்வாகத்துக்கும், 'கடைசி எச்சரிக்கை' என்று தலைப்பிட்ட கடிதம் எனக்கும் போய்ச் சேர்ந்தது. அதைப் பெற்றுக்கொண்டேன் என்று இனிஷியல் போடச் சொன்னபோது, நான் நன்றாகப் படித்துப் புரிந்துகொண்ட காகிதம் அது ஒன்றுதான் என்பதால், உடனே போட்டேன்.